ஊஞ்சல் பாட்டுக்கு ஒரு சீட்டு

ஞாயிற்றுக்கிழமை பகல் ஒரு மணிக்குக் கரண்டு வரும், மூன்று மணிக்குப் போய்விடும். வாரம் முழுவதிலும் சிவசாமி தனக்கென்று வைத்திருந்தது அந்த இரண்டு மணி நேரம்தான். மற்றதெல்லாம் தேயிலைக்கும் தூக்கத்துக்கும் போனது.

எழுபதுகளில் அந்தத் தோட்டத்துத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களுக்குச் சர்க்கார் கரண்டு வந்திருக்கவில்லை. பேக்டரிக்குப் பக்கத்தில் ஒரு டீசல் இஞ்சின் இருந்தது. அதுதான் மாலை ஆறு மணிக்கு மேல் லயத்து வீடுகளில் மூன்று மணி நேரம் விளக்கெரிய விட்டது. சிவசாமிக்கு அந்த விளக்கால் ஒரு பயனும் இல்லை. அந்த நேரத்தில் அவன் பேக்டரியில் டிரையர் முன்னால் நின்று தேயிலை வறுபடுகிற வாசனையைப் பிடித்துக்கொண்டிருப்பான். ஞாயிறு பகல் கரண்டும் பாட்டுக்காக வந்ததல்ல. கேமரன் மலைப் பனிமூட்டத்தில் துவைத்த துணி மூன்று நாளானாலும் காயாமல் வாடை பிடித்துப் போகும். கொழுந்து பறிக்கும் பெண்கள் ஒருநாள் ஈரத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு தோட்டத்து மேனேஜரான துரையின் ஆபீஸ் முன்னால் போய் நின்றார்கள். இஸ்திரி போட்டாவது காய வைத்துக்கொள்ளுங்கள் என்று அவர் இரண்டு மணி நேரம் கொடுத்தார். பெண்கள் வாங்கிய கரண்டில் சிவசாமி பாட்டுப் போட்டான் என்பதுதான் உண்மை. அதை அவன் ஒருநாளும் வெளியே சொல்லிக்கொண்டதில்லை.

ஊருக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்காரச் சின்னத்துரையிடம் கேட்டு வாங்கிய ரெக்கார்டு பிளேயர் ஒன்று, கோயில் கமிட்டி கழித்துப் போட்ட குழாய் ஸ்பீக்கர் ஒன்று, மைக் ஒன்று, பிஸ்கட் டின்களில் அடுக்கிய நூற்றுச் சொச்சம் இசைத்தட்டுகள். இதுதான் அவன் சொத்து. ஸ்பீக்கரைக் கொய்யா மரத்தில் கட்டியிருந்தான். நாலு லயத்துக்கும் கேட்கும். காற்று வாகாக இருந்தால் மேல் மலையில் இருக்கும் துரை பங்களாவுக்கும் கேட்கும். பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்துக் கோலாலம்பூரிலிருந்து வந்த சொந்தக்காரர் ஒருவர் இதற்கெல்லாம் டீஜே என்று பெயர் இருப்பதாகச் சொன்னார். அப்போது அதற்குப் பெயர் பாட்டுப் போடுறது, அவ்வளவுதான்.

இரண்டு மணி நேரத்தில் ஒரு நிமிஷம் வீணாகக்கூடாது என்பதற்காக ஞாயிற்றுக்கிழமை காலையை அவன் பாட்டுக் கணக்கில் வெட்டி வைத்திருந்தான். குளிக்க ஒரு பாட்டு நேரம். சாப்பிட ஒன்றரைப் பாட்டு. விறகு பிளக்க ஆறு பாட்டு. முடிவெட்டும் சின்னையாவிடம் போனால் அவர் வாய் ஓயாது, பத்துப் பாட்டு நேரம் போய்விடும். அதனால் சிவசாமி எப்போதும் வளர்ந்த தலையோடுதான் திரிந்தான். பன்னிரண்டரைக்கு முன்வாசலில் மேசையைப் போட்டு, தட்டுகளைத் துடைத்து வரிசைப்படுத்தி, இஞ்சின் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

அவனுக்கு ஒரு சட்டம் இருந்தது. ஆரம்பத்தில் வாயால் கேட்டவர்களுக்கெல்லாம் பாட்டுப் போட்டான். ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியின் மனைவிக்கு ஒரே நாளில் மூன்று பாட்டுப் போய்விட்டது. அதற்காகக் குழாயடியில் இரண்டு பெண்கள் குடத்தால் அடித்துக்கொண்டார்கள். அடுத்த வாரமே ஒரு பால்மாவு டின்னின் மூடியில் ஓட்டை போட்டுக் குழாயடித் தூணில் அடித்துவிட்டான். பாட்டு வேண்டுமென்றால் சீட்டு எழுதி டின்னில் போட வேண்டும். சீட்டு இல்லாமல் துரையே வந்தாலும் பாட்டில்லை.

இந்தச் சட்டத்தில் அடிபட்டது அவன் மனைவி பவளம்தான்.

பவளம் தானா ராத்தாக்காரி, அந்த மலை டவுனில் வளர்ந்தவள். ஆனால் பள்ளிக்கூடம் போகாதவள். கல்யாணமாகி லோரியில் வந்து இறங்கியபோது கொய்யா மரத்துக் குழாயில் ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஊஞ்சலில் உட்கார்ந்த பெண் ஒருத்தி பாடுவதுபோல வரும். தோட்டத்தில் அதை ஊஞ்சல் பாட்டு என்றார்கள். சிவசாமி தன் கல்யாணத்துக்கென்றே தேடி வாங்கிய தட்டு அது. அந்தப் பாட்டை ஒருநாள் தனக்காகப் போட வேண்டும், மைக்கில் தன் பெயரைச் சொல்லிப் போட வேண்டும் என்று அவளுக்கு ஆசை. பெரிய ஆசையா இது? ஆனால் ஆறு வருஷமாக நடக்கவில்லை.

"வாயால கேட்டா ஆவாது பவளம். பொண்டாட்டிக்கு மட்டும் தனியா போடுறான்னு பேசுவாங்க. யாரையாச்சும் ஒரு சீட்டு எழுதிக் குடுக்கச் சொல்லி டின்ல போடேன்."

"எம்புருஷங்கிட்ட ஒரு பாட்டு கேக்க நான் வீடு வீடாப் போயி மனு எழுதி வாங்கணுமா? நல்லாருக்குலா உங்க ஞாயம்."

அவள் எழுதச் சொல்லவில்லை. அவன் போடவுமில்லை. ஒவ்வொரு ஞாயிறும் அவன் முன்வாசலில் ஊருக்கெல்லாம் பாட்டுப் போட, அவள் உள்ளே நின்று அவன் சட்டைகளுக்கு இஸ்திரி போட்டாள். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர்தான் இருந்தது.

எழுபத்தேழில் ஒரு ஞாயிறு. சீட்டெல்லாம் முடிந்துவிட்டது, மணி மூன்றாக இன்னும் ஐந்து நிமிஷம் இருந்தது. இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுப் பவளம் வாசலுக்கு வந்தாள்.

"ஏங்க, சீட்டுதான் தீந்துபோச்சே. இப்பயாச்சும் என் பாட்டைப் போடுங்க."

சிவசாமி தட்டு டின்னைப் பார்த்தான். ஊஞ்சல் பாட்டு மேலேயே இருந்தது. எதிர்லயத்து வாசலில் நாலு பேர் நின்று கேட்டுக்கொண்டிருப்பதையும் பார்த்தான். சட்டம் என்றால் சட்டம் என்று மண்டையில் ஏற்றிக்கொண்டவனுக்கு அந்த நேரத்தில் என்ன சொன்னாலும் ஏறாது. எதிர்லயத்துக் காளியண்ணன் அன்றைக்குச் சீட்டில் கேட்டிருந்த பாட்டையே எடுத்து இரண்டாம் தடவையாகப் போட்டான்.

பவளம் உள்ளே போய் மறுபடி இஸ்திரிப் பெட்டியை எடுத்தாள். மறுவாரம் சனிக்கிழமை, டவுனுக்குப் போகும் தோட்டத்து லோரியில் ஏறித் தானா ராத்தாவில் இருக்கும் அக்காள் இராசம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். ஏறுவதற்கு முன்னால் அவனிடம் சொன்னது ஒன்றுதான்.

"என் சீட்டு என்னிக்கு உங்க கைக்கு வருதோ, அன்னிக்கு நானும் வர்றேன்."

வீம்புக்குச் சொல்கிறாள், இரண்டு நாளில் வந்துவிடுவாள் என்று நினைத்துக்கொண்டான். மறுநாள் ஞாயிறு எப்போதும்போல எழுந்தான். குளிக்க வெந்நீர் இல்லை. தண்ணீர் பிடிக்கக் குழாயடியில் முக்கால் மணி நேரம் நின்றான். அடுப்புப் பற்றவில்லை, சோறு குழைந்தது. தட்டு துடைக்கிற துணி ஈரமாகக் கொடியில் தொங்கியது. ஒரு மணிக்கு இஞ்சின் போட்டபோது அவன் கரிக்கையோடு அடுப்பங்கரையில் இருந்தான். முதல் பாட்டு ஓட ஒன்றே முக்கால் ஆகிவிட்டது. அன்றைக்கு மொத்தமே பதினைந்து பாட்டுத்தான். பாட்டுக் கணக்கில் நேரத்தை வெட்டிச் சேர்த்த கெட்டிக்காரனுக்கு, அந்த நேரமெல்லாம் யாருடைய நேரத்திலிருந்து வந்தது என்பது அப்போதுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது. வீடு வெறிச்சென்று கிடந்தது அதைவிட மோசமாக இருந்தது.

அதற்கடுத்த ஞாயிறு பவளம் இல்லாத ஒன்பதாம் நாள். கரண்டு வந்தும் கொய்யா மரம் பேசவில்லை. நாலு லயத்துப் பெண்களும் இஸ்திரிப் பெட்டியோடு வாசலில் வந்து எட்டிப் பார்த்தார்கள். சிவசாமி அதற்குள் ஒரு காய்கறி லோரியில் தொற்றிக்கொண்டு தானா ராத்தா போய்ச் சேர்ந்திருந்தான்.

நேராக அக்காள் வீட்டுக்குப் போகத் துணிவில்லை. பஸ் ஸ்டேஷன் பக்கம் பழனியப்பன் என்பவரின் கோப்பிக் கடையில் உட்கார்ந்து ஒரு கோப்பி சொன்னான். கடையில் கேசட் பெட்டி பாடிக்கொண்டிருந்தது. பாதிக் கோப்பியில் ஊஞ்சல் பாட்டு வந்தது. சிவசாமி நிமிர்ந்து உட்கார்ந்தான். பாட்டு அவன் பாட்டுத்தான், ஆனால் யாரோ பின்னால் துரத்துவதுபோல ஓடியது. பாடியவளின் குரல் கீச்சென்று இருந்தது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். தோட்டத்தில் இரண்டொருவர் பேட்டரி ரேடியோ வைத்திருந்தார்கள். அதிலும் பாட்டெல்லாம் வேகமாகத்தான் வரும். நேரத்துக்குச் செய்தி வாசிக்க வேண்டுமே, அதனால் ரேடியோக்காரன் பாட்டை விரட்டி முடிக்கிறான் என்று தோட்டமே நம்பியது. அந்த விளக்கத்தைக் கண்டுபிடித்துச் சொன்னவனே சிவசாமிதான்.

"அண்ணே, உங்க பொட்டியக் கொஞ்சம் பாருங்க," என்றான் கடைக்காரரிடம். "பாட்டு தலைதெறிக்க ஓடுது."

பழனியப்பன் திரும்பிப் பார்த்தார். "என்ன ஓடுது? சரியாத்தானே போவுது."

"இல்லண்ணே, இது என் பாட்டு. ஆறு வருசமா கேக்குறேன். இப்படி ஓடாது. இங்க நியூசும் வரப்போறதில்ல, அப்புறம் என்ன அவசரம்?"

கடையில் இருந்த நாலைந்து பேர் சிரித்தார்கள். சிவசாமிக்குக் கோபம் வந்துவிட்டது. பாட்டைப் பற்றி அவனிடமா? மேசையில் விரலால் தட்டித் தட்டிச் சரியான வேகம் எது என்று காட்டினான். பார்த்துக்கொண்டிருந்த டாக்சிக்காரர் ஒருவர், "அது சாமி ஊர்வலம்லா, இது ஊஞ்சல்," என்றார். சிரிப்பு அடங்கவே இல்லை.

பழனியப்பன் நல்ல மனிதர். பக்கத்தில் வந்து உட்கார்ந்து மெல்லக் கேட்டார். "தம்பி, உங்க தோட்டத்துல எந்தக் கரண்டு?"

"இஞ்சின் கரண்டு."

"ஞாயித்துக்கெழம பேக்டரி ஓடாதே, இஞ்சின எப்படி ஓட்டுவாங்க?"

இஞ்சின் பார்க்கும் நாகப்பன் ஞாயிறுகளில் டீசல் மிச்சம் பிடிக்க அதை அடக்கித்தான் ஓட்டுவான். துரையின் உத்தரவு அப்படி. சிவசாமி அதைச் சொன்னான். சொல்லும்போதே அவனுக்குப் புரிந்துவிட்டது. பழனியப்பன் முடித்து வைத்தார்.

"இஞ்சின் மெதுவாச் சுத்துனா உங்க ரெக்கார்டும் மெதுவாத்தானே சுத்தும்."

கோப்பி ஆறிவிட்டது. நாலு லயத்துக்கும் பாட்டின் ராஜா நான் என்று உட்கார்ந்திருந்தவன், ஆறு வருஷமாக ஒரு பாட்டைக்கூட அதன் வேகத்தில் போட்டதில்லை. சாகலாம்போல இருந்தது அவனுக்கு. இதை யாரிடம் சொல்வது என்று யோசித்தான். சொல்ல ஒரே ஒருத்திதான் இருந்தாள்.

இராசம்மா வீட்டுப் பின்கட்டில் பவளம் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அக்காள் ஒரு விடுதிக்குத் துணி வெளுத்துக் கொடுப்பவள். அவன் வந்து நின்றதைப் பார்த்தும் பெட்டியை நிறுத்தவில்லை.

"பவளம், நம்ம பாட்டெல்லாம் தப்பு பவளம். இஞ்சினு மெதுவா ஓடுது. எல்லாப் பாட்டும் இழுத்துக்கிட்டு ஓடியிருக்கு. ஒருத்தருக்கும் தெரியல."

"எனக்குத் தெரியுமே."

"எப்பருந்து?"

"லோரியில இருந்து எறங்குன அன்னிக்கே தெரியும். நான் டவுன்காரிதானே. என்னடா இது, குளிருல பாட்டும் விறைச்சிப் போச்சான்னு நெனச்சேன்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்க பொட்டிய மூடிட்டு மூலையில உக்காந்திருப்பீங்க." அவள் சட்டையைத் திருப்பிப் போட்டாள். "அதுவுமில்லாம, எனக்கு அதுதான் புடிச்சிருந்தது. அங்க ஒரு பாட்டு ஓடி முடியறதுக்குள்ள உங்க சட்டை ஒண்ணு முழுசா முடிஞ்சிடும். காலரு, கையி, முதுகு எல்லாம். இங்க பாருங்க, கையி முடியல, பாட்டு முடிஞ்சி போவுது. எனக்குக் கெடைக்கிற நேரமே அதானே."

சிவசாமி அப்படியே படியில் உட்கார்ந்தான். தன் இரண்டு மணி நேரம்தான் குறைவு என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன் அவன். அவளுக்கு ஒரு சட்டை நேரம்தான் இருந்திருக்கிறது. அதையும் அவள் அவன் சட்டைக்குத்தான் கொடுத்திருக்கிறாள். அவனுக்குக் கண் கலங்கியது. மறைக்கவும் இல்லை.

சட்டைப்பையிலிருந்து பென்சிலையும் ஒரு சீட்டையும் எடுத்தான். பாட்டுப் போடுகிறவன் பையில் அது எப்போதும் இருக்கும்.

"சொல்லு. நான் எழுதுறேன்."

"நான் சொல்றத அப்படியே எழுதணும். மாத்தக்கூடாது."

"மாத்தல."

அவள் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுச் சொன்னாள். "நாலாம் லயம் ஏழாம் நம்பர் பவளம் கேட்டுக்கிறது. எனக்கு ஊஞ்சல் பாட்டு போடணும். கடைசிப் பாட்டாப் போடணும். அந்தப் பாட்டு ஓடுறப்ப பாட்டுப் போடுறவரு பொட்டிகிட்ட நிக்கக்கூடாது. எம்பக்கத்துல வந்து உக்காரணும்."

கடைசி வரியை எழுதும்போது அவன் பென்சில் நின்றது. அவள் கேட்டது பாட்டை மட்டுமல்ல என்று அந்த மரமண்டைக்கு அப்போதுதான் விளங்கியது. எழுதி முடித்து அவளிடம் நீட்டினான். அவள் அதை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டாள். அன்றைக்கே அவனோடு வந்தவள், வீட்டுக்குள் போகுமுன் குழாயடிக்குப் போய்ச் சீட்டைத் தன் கையாலேயே டின்னில் போட்டாள்.

அடுத்த ஞாயிறு மூன்றடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது கொய்யா மரம் அவள் பெயரைச் சொன்னது. தட்டைப் போட்டுவிட்டுச் சிவசாமி உள்ளே போய் அவளுக்குப் பக்கத்தில் மணையில் உட்கார்ந்தான். பாட்டு முடிந்தது. தட்டை மாற்ற ஆளில்லை. முள் கிர்ரு கிர்ரு என்று சுற்றிக்கொண்டே இருந்தது. அந்தச் சத்தத்தை நாலு லயமும் கேட்டது. "அண்ணன் பிசியா இருக்காரு," என்று எதிர்லயத்தில் யாரோ சொல்ல ஒரே சிரிப்பு. அப்புறம் நாகப்பன் இஞ்சினை நிறுத்தினான். அந்தக் கிர்ரும் இழுத்து இழுத்து ஓய்ந்தது.

அந்தச் சீட்டைச் சோற்றுப் பசை தடவி ரெக்கார்டு பிளேயரின் மூடியில் உள்பக்கம் ஒட்டி வைத்தான். அதன்பிறகு ஒவ்வொரு ஞாயிறும் கடைசிப் பாட்டு அதுதான். சட்டத்துக்கு எதிராகவா என்று யாரும் கேட்கவில்லை. சீட்டுத்தான் இருக்கிறதே. இஞ்சின் ரகசியத்தை அவர்கள் இருவரும் யாரிடமும் சொல்லவுமில்லை.

வருஷங்கள் போயின. மகள் சாரதா பிறந்து பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தாள். எண்பத்தைந்தில் தோட்டத்துக்குச் சர்க்கார் கரண்டு வந்தது. கம்பம் நட்டு, கம்பி இழுத்து, இஞ்சினுக்கு ஓய்வு கொடுத்தார்கள். இனி இரவு பகல் எந்நேரமும் கரண்டு. சிவசாமிக்கு ஞாயிறு முழுவதும் பாட்டுப் போடலாம். ஆனால் கேட்கத்தான் ஆட்கள் குறைந்திருந்தார்கள். வீட்டுக்கு வீடு கேசட் பெட்டி வந்துவிட்டது. பாதிப் பேர் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் போய்விட்டார்கள். முதல் ஞாயிறு டின்னைக் கவிழ்த்தபோது மூன்றே சீட்டு விழுந்தது. நாற்பது சீட்டு விழுந்து இரண்டு மணி நேரத்தில் எதை விடுவது என்று திண்டாடிய காலத்தை நினைத்துக்கொண்டான். அந்தத் திண்டாட்டம் எவ்வளவு நன்றாக இருந்தது!

முதல் பாட்டு ஓடியதுமே எதிர்லயத்திலிருந்து குரல் வந்தது. "என்னண்ணே, ரேடியோக்காரன் மாதிரி ஓட்டுறீங்க? நியூஸ் வரப்போவுதா?"

சிவசாமி அடுத்த சீட்டை எடுத்தான். மூன்று சீட்டும் கால் மணி நேரத்தில் முடிந்து, பிளேயர் சும்மா கிடந்தது. பழக்கம் விடாமல் மூன்று மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது ஊஞ்சல் பாட்டைப் போட்டுவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தான். உட்கார்ந்து சூடு பிடிப்பதற்குள் பாட்டு முடிந்துவிட்டது. பவளம் கையில் சாரதாவின் பள்ளிச் சட்டை ஒரு கைப்பக்கம் ஈரமாகவே இருந்தது.

"அவ்வளவுதானா?" என்றாள். அவள் முகம் வாடிப்போனது.

அவன் எழுந்து பிளேயரிடம் போனான். வேகத்தைக் குறைக்கும் திருகை ஒரு படி இறக்கிப் பார்த்தான். பாடியவள் ஆண்பிள்ளையாகிவிட்டாள். பழைய இடத்தில் வைத்து, முள்ளை முதலுக்கு நகர்த்தி, சுற்றும் தட்டின் விளிம்பில் ஆள்காட்டி விரலை மெல்ல வைத்தான். கொஞ்சம் அழுத்தினான். குரல் தாழ்ந்தது. இன்னும் கொஞ்சம். அதோ, லோரியிலிருந்து பவளம் இறங்கிய நாளின் குரல் வந்துவிட்டது.

உள்ளே இஸ்திரிப் பெட்டிச் சத்தம் நின்றது. "ஆங், அதுதான்!" என்றாள் பவளம்.

அதுதான். ஆனால் விரலை எடுத்தால் பாட்டு ஓடிவிடும். விரலை வைத்திருந்தால் அவள் பக்கத்தில் போய் உட்கார முடியாது. திறந்திருந்த மூடியில் பழுப்பேறிய சீட்டு அவன் கையெழுத்திலேயே அவனைப் பார்த்தது. பொட்டிகிட்ட நிக்கக்கூடாது. எட்டு வருஷத்தில் ஒரு ஞாயிறுகூடத் தவறாதவன் விரலை எடுக்கவும் மாட்டாமல் வைக்கவும் மாட்டாமல் திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றான்.

"பவளம், இதப் பிடிச்சிக்கிட்டே நான் எப்படி..."

"நீங்க நில்லுங்க. நான் வர்றேன்."

அவள் மணையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். பிளேயருக்குப் பக்கத்தில் அதைப் போட்டு உட்கார்ந்து, பாதி காய்ந்த சட்டையை மடியில் வைத்துக்கொண்டாள். பதினான்கு வருஷத்தில் பாட்டு ஓடும்போது அவள் அந்த மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. தட்டு சுற்றுவதைக் குனிந்து பார்த்தாள்.

"விரலு எரியலையா?"

"இல்ல."

அன்றைக்கு அந்தப் பாட்டை ஐந்து தடவை போட்டார்கள். மணி மூன்றாகி, மூன்றரையும் ஆனது. கரண்டு போகவில்லை.